வடுகபட்டி: இருபது தலைமுறைக்கு முன் குடிவந்தவர்கள்

வடுகபட்டின்னா பூண்டுச் சந்தையும் கவிஞர் வைரமுத்துவும் ஞாபகம் வரும். ஊர்ப் பெயரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. வடுகர் என்றால் வேங்கடத்துக்கு வடக்கேயிருந்து வந்தவர்கள். சங்கப் பாடல்களே அவர்களை வேற்றுமொழிக்காரர்கள் என்றுதான் சொல்கின்றன. (வைரவருக்கும் வடுகர் என்று பெயருண்டு. ஆனா இந்த வட்டாரத்துக்குத் தெலுங்கர் என்பதே பொருத்தம் என்பது என் கணிப்பு.)

14ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் படை மதுரைக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் விஸ்வநாத நாயக்கர் ஆட்சி. பின்னாலேயே படைவீரர், உழவர், நெசவாளர்னு குடும்பம் குடும்பமா வந்தாங்க. கம்பம் பக்கம் கன்னடம் பேசும் கப்பிலியரும் குடியேறினாங்க. போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் எல்லாம் அந்தக் காலம் விட்டுப்போன பெயர்கள்தான்.

அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகள் அந்தச் சமூகத்தோடு கலந்துட்டாங்களான்னு ஓயாம பேசுறாங்க. 1965 சட்டத்துக்குப் பிறகு நம்ம டாக்டர்களும் நிறைய பேர் அங்கே போனவங்கதான். பிள்ளைகள் இரண்டு மொழியும் பேசுவாங்க, பேரப்பிள்ளைக்குத் தாத்தா மொழி புரியாது. பெரும்பாலும் மூணே தலைமுறைதான்.

இங்கே இருபது தலைமுறை ஆச்சு. ஓ.பி.யில் "டாக்டரய்யா, ரெண்டு நாளா நெஞ்சு கரிக்குது"ம்பார் பெரியவர். மருந்துச் சீட்டு எங்கேன்னு மருமகளிடம் கேட்பது தெலுங்கில். ஆனா தெலுங்கு எழுத்து ஒண்ணுகூட அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம், சந்தை, சினிமா, ஓட்டு எல்லாம் தமிழ்தான்.

அவரை வந்தேறின்னு சொல்றவங்க இன்னிக்கும் இருக்காங்க. அவங்களுக்கு கி. ராஜநாராயணனைக் காட்டணும். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை. முன்னோர் தெற்கே வந்த கதையை 'கோபல்ல கிராமம்' நாவலாக எழுதினார். கரிசல் தமிழுக்குச் சொல்லகராதி தொகுத்தவரும் அவரே. 2021இல் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தோம்.

மொழி பிழைச்சதுக்கு மொழிப்பற்று மட்டும் காரணமில்லை. பொண்ணு கொடுப்பதும் எடுப்பதும் சொந்தத்துக்குள்ளேயே. அடுப்படியில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே மொழி, அப்புறம் எப்படி அழியும்? அமெரிக்காவில் பிள்ளைகள் வெளியே கட்டிக்கிறாங்க, மொழி போயிடுது. இங்கே மொழியைக் காப்பாத்தினது சாதிச் சுவர். அதைப் பெருமையா சொல்ல எனக்கு வாய் வரலை.

தமிழ் பேசும் சாதிகளிலும் இதே முறைதான். அதனால இந்த ஒரு விஷயத்தில் வந்தவங்க எதையும் மாத்திக்க வேண்டியே இருக்கலை. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாக நாலில் ஒரு பங்கு மரபணு பொது. அத்தை மகன், மாமன் மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. ஒளிஞ்சிருக்கும் ஒரே குறை இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்து சேர வாய்ப்பு கூடுது.

சொந்தத்தில் பேச்சு நடக்குதா? குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவங்க, காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகள் இருந்தா, நிச்சயத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க.