மாத்திரை வந்தது, மனைக்கட்டு வரவில்லை

வேடந்தாங்கல் ஏரிக்கு வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து பறவைகள் வருகின்றன. அவற்றை யாரும் சுடக் கூடாது, பிடிக்கக் கூடாது என்ற ஊராரின் உரிமையை ஏற்று 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் கவுல் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு நல்ல உரம். அதனால்தான் ஊர் அந்தப் பறவைகளைக் காப்பாற்றியது. உரம் வேண்டுமென்றால் வயல் வேண்டும். வயல் இல்லாதவனுக்குப் பறவை வந்தால் என்ன, போனால் என்ன?

வெளியிலிருந்து வரும் உதவியின் கதையும் பெரும்பாலும் இதுதான். எங்கிருந்து வந்தாலும் அது வாய்க்கால் போகிற வழியே போகும். வாய்க்கால் யார் நிலத்தில் போகிறது என்பதே கேள்வி. இந்த வழக்கத்தை மீறி நேராகச் சேரிக்காரன் கைக்கு வந்த உதவி ஒன்று நம் ஜில்லாவில் உண்டு. அது எதைத் தந்தது, எதைத் தர முடியவில்லை என்பதை நாம் எழுதி வைக்க வேண்டும். வேறு யாரும் நமக்காக எழுதப் போவதில்லை.

வேடந்தாங்கலுக்குத் தெற்கே, செய்யூர்ப் பக்கம் போலம்பாக்கம் என்றொரு கிராமம். 1955இல் பெல்ஜியத்திலிருந்து வந்த டாக்டர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் அங்கே தொழுநோய் மையம் தொடங்கினார். பெல்ஜியம் மிகச் சின்ன தேசம். நம் தமிழ்நாட்டின் பரப்பில் கால் பங்குகூட வராது. ஹவாய்த் தீவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்து, தானும் அந்த நோய் கண்டு 1889இல் இறந்த பாதிரியார் டேமியன் அந்த நாட்டுக்காரர். அவர் பெயரைச் சொல்லித்தான் அங்கே தொழுநோய்க்குப் பணம் திரட்டினார்கள். இன்றைக்கும் ஜனவரி மாதக் கடைசியில் தெருத்தெருவாய் நின்று பேனா விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். போலம்பாக்கத்துக்கு வந்த பணத்தில் சாதாரண ஜனங்களின் சில்லறைக்காசும் இருந்தது. அதற்கு நன்றி சொல்வதில் நமக்கு வெட்கமில்லை.

அதே பெல்ஜியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1885 முதல் 1908 வரை காங்கோ தேசம் முழுவதும் பெல்ஜிய மன்னன் லியோபால்டின் சொந்தச் சொத்தாக இருந்தது. ரப்பர் எடுக்க ஜனங்களை அடித்து விரட்டினார்கள். அவன் படையாட்கள் மனிதர்களின் கைகளை வெட்டிக் கணக்குக் காட்டினார்கள். பிறகு 1960 வரை அது பெல்ஜிய அரசின் காலனி. ஹெமரிக்ஸ் போலம்பாக்கத்துக்கு வரும்முன் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வேலை செய்தது அந்தக் காங்கோவில்தான். கறுப்பர் கையை வெட்டிய நாட்டிலிருந்து கறுப்பர் கைக்கு மருந்து போட ஒரு டாக்டர் வந்தார். இரண்டும் ஒரே சரித்திரம். கொடுப்பவனின் கணக்குப் புத்தகத்தில் முன்பக்கத்தையும் புரட்டிப் பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டும். அதற்காக அந்த டாக்டரின் உழைப்பைச் சின்னதாக்கவும் வேண்டாம்.

அதுவரை தொழுநோய்க்கு இருந்த வைத்தியம் துரத்துவதுதான். 1898ஆம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டத்தில் ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. பிச்சையெடுத்துப் பிழைக்கும் ஏழைத் தொழுநோயாளியை வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கலாம். வசதியுள்ளவன் தன் வீட்டுக்குள் இருந்துகொள்ளலாம். நோய் ஒன்று, சட்டம் இரண்டு. இந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது 2016இல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்றிருந்த ஷரத்து நீங்கியது 2019இல்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் ஸ்காட்லாந்து மிஷன்காரர்கள் 1920களில் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆஸ்பத்திரி இருந்தது. அதை 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிலையமாக்கியது. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் அதே 1955இல்தான். நோயாளியை வைத்துக்கொள்ளக் கட்டடம் எத்தனை கட்டினாலும் போதாது என்ற அளவுக்கு நம் ஜில்லாவில் நோய் இருந்தது. ஹெமரிக்ஸ் கட்டடத்தை நம்பவில்லை. மருந்து வண்டி குறித்த நாளில் குறித்த வழியில் போகும். சாலையோரத்து மரத்தடிகளில் நிற்கும். நோயாளிகள் வந்து பார்த்துக்கொண்டு, டாப்சோன் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வண்டி அடுத்த மரத்துக்குப் போகும். அவருக்குப் பின் டாக்டர் கிளேர் வெல்லுட் அம்மையார் பொறுப்பேற்றுப் பல வருஷம் நடத்தினார். பெல்ஜியத்தில் பிறந்த அவர் பின்னாளில் இந்தியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார்.

இந்த மரத்தடியை மருத்துவப் புத்தகங்கள் செலவு குறைந்த ஏற்பாடு என்று எழுதும். நாம் அதை வேறு மாதிரிப் பார்க்கிறோம். ஆஸ்பத்திரிக்கு வாசற்படி உண்டு. வாசற்படி இருக்கும் இடத்தில் யார் முதலில் ஏறுவது, யார் ஒதுங்கி நிற்பது என்ற பேச்சும் உண்டு. சாலையோரத்து மரத்துக்கு வாசல் இல்லை. அங்கே வருகிறவன் கையைப் பிடித்துப் பார்க்கணும், காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கா என்று சோதிக்கணும். தொடாமல் பார்க்க முடியாத வியாதி அது. ஆண்டாண்டு காலமாய் யாரும் தொடாத உடம்பை ஒரு டாக்டர் ஊர் பார்க்கத் தொட்டார். பெருவியாதி என்று வீட்டை விட்டு ஒதுக்கப்பட்ட மேல்சாதிக்காரனுக்கும் மருந்து அந்த வரிசையில்தான். 'தள்ளி நில்லு' என்ற சொல் எப்படி இருக்கும் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்திருக்கும். நமக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். அதற்கு வியாதி வேண்டியதில்லை.

டாப்சோன் மட்டும் தின்றால் வருஷக்கணக்கில் தின்ன வேண்டும். போகப் போகக் கிருமி அதற்கு அடங்காமலும் போனது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின், டாப்சோன் சேர்ந்த கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதற்கான களச் சோதனை நடந்த இடங்களில் வேலூர்ப் பக்கத்துக் காரிகிரியும் நம் போலம்பாக்கமும் உண்டு. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் ஒருவன் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ தொழுநோய் நீங்கி எழுந்தாலும், அந்தச் சிகிச்சைக்குப் பின்னால் நம் ஜில்லாக் கூலிக்காரன் விழுங்கிய மாத்திரையும் இருக்கிறது. வெள்ளைக்காரன் கொடுத்தான், நாம் வாங்கினோம் என்று மட்டும் எழுதும் சரித்திரம் பாதிச் சரித்திரம். நாமும் கொடுத்திருக்கிறோம், நம் உடம்பை. காசநோய்த் தடுப்பூசிக்கு உலகத்திலேயே பெரிய சோதனை நடந்ததும் 1968 முதல் இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில்தான். பி.சி.ஜி. ஊசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று உலகம் தெரிந்துகொண்டது நம் ஜனங்களை வைத்துத்தான்.

போலம்பாக்கம் மையம் பிறகு தமிழக அரசின் கைக்கு வந்தது. தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் இறங்கிவிட்டது என்று 2005 கடைசியில் இந்தியா அறிவித்தது. சந்தோஷம். ஆனால் நோய் எங்கே தங்கும்? சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நெடுங்காலம் நெருக்கமாய் இருக்கும் இடத்தில் தங்கும். ஒரே குடிசையில் மூன்று தலைமுறை படுத்துக் கிடப்பது யார்? ஏன் அப்படிக் கிடக்கிறோம்? பக்கத்தில் இன்னொரு குடிசை போட மனை இல்லை. இது டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி இல்லை, கலெக்டர் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டவர் ஒருவர் உண்டு. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர், இந்த ஜில்லாப் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைக்கட்டுகூட மிராசுதாரன் பிடியில், எதிர்த்துப் பேசினால் குடிசை போச்சு என்பதை அதில் சொன்னார். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமார்களும் சேரி ஜனங்களுக்குத் தரிசு நிலம் கேட்டார்கள். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. அந்த வழியில்தான் பஞ்சமி நிலங்கள் வந்தன. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. பறவைக்குக் கவுல் கிடைத்து 94 வருஷம் கழித்து மனுஷனுக்கு ஆணை கிடைத்தது. பறவையின் கவுலை ஊர் காப்பாற்றியது. நம்முடைய ஆணையை யார் காப்பாற்றினார்கள்?

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தைக் கேட்டு நம் ஜனங்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். மாத்திரை கேட்டு வரிசையில் நின்றபோது யாரும் நம்மைச் சுடவில்லை. நிலம் கேட்டு நின்றபோது சுட்டார்கள். உதவிக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

2003இல் இந்திய அரசு, இனிமேல் சின்ன நாடுகளின் அரசு உதவி வேண்டாம், பெரிய நாடுகள் சிலவற்றோடும் ஐரோப்பிய ஒன்றியத்தோடும் நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுப் பெண் விவசாயிகளுக்கான 'தன்வா' பயிற்சித் திட்டம் போன்றவற்றுக்குப் பணம் தந்த டென்மார்க்கும் அந்தச் சின்ன நாடுகளில் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கடற்கரையை அடித்துக்கொண்டு போனபோதும், நிவாரணத்துக்கு அந்நிய அரசுகளின் கை எங்களுக்கு வேண்டாம் என்றது டெல்லி. தேசத்தின் மானம் என்றார்கள். மானம் நல்லதுதான். ஆனால் 'எங்களுக்கு' என்ற அந்தச் சொல்லுக்குள் சேரி இருந்ததா? படகும் வலையும் இல்லாத தலித்துகளும் இருளர்களும் நிவாரணப் பட்டியலில் விட்டுப்போனார்கள் என்று அந்த நாட்களிலேயே செய்திகள் வந்தன. பிறத்தியார் தருவதை வேண்டாமென்று தள்ளுகிறவன், வீட்டுக்குள்ளே பசித்தவனுக்குப் பங்கு வைத்துவிட்டுத் தள்ளணும்.

உதவியை வாங்குவதும் மறுப்பதும் அரசு. நடுவில் நிற்பது நாம். பெல்ஜியத்து ஜனங்களுக்கு நம் கணக்கில் பாக்கி இல்லை. அவர்கள் கொடுத்த மாத்திரைக்கு நம் உடம்பால் பதில் தந்தாகிவிட்டது. பாக்கி இருப்பது 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட ஆணையின் பேரில். அது தர்மம் இல்லை, தானம் இல்லை. எழுதிக் கொடுத்த காகிதம். மாணவத் தோழர்கள் தாலுகா ஆபீசுக்குப் போய் தங்கள் கிராமத்து நிலப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். எந்த சர்வே நம்பர் பஞ்சமி, இப்போ அது யார் கையில் என்று எழுதி எடுத்து வரட்டும். வெளிநாட்டுக்காரன் யாரும் அதை நமக்கு எழுதித் தர மாட்டான்.