8955: தேயிலைக்கும் ஓர் இலக்கம்

ராகலை உறவுகளே, 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து நம் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். பிரித்தானியரும் அமெரிக்கரும் அங்கே ஒன்றாக இருந்து போரை நடத்தினார்கள். ஆனால் ஒருவரின் போல்ட் மற்றவரின் நட்டில் ஏறாது. பிரித்தானிய மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையினது 60 பாகை. போர் முடிந்த பின், 1948 நவம்பரில்தான் இவ்விரு நாடுகளும் கனடாவும் பொது மரைக்கு ஒப்பமிட்டன.

அளவு ஒன்றானால் போதுமா? ஒரே பொருளுக்குக் களஞ்சியத்துக்கு ஒரு பெயர் என்றால், கையில் இருப்பதையே மறுபடி வாங்க நேரும். இதைத் தவிர்க்க, படைகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்று 1952இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. நேட்டோ நாடுகளும் அம்முறையை ஏற்றன.

இன்று ஒரு பொருளுக்கு 13 இலக்கம். முதல் 4 வகை. அடுத்த 2 நாடு. மீதி 7 அந்தப் பொருளுக்கே உரியது. ஸ்குரூ வகைக்கு 5305. நம் தேயிலைக்கும் இடமுண்டு: கோப்பி, கொக்கோவோடு சேர்த்து 8955.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த 2 இலக்கம் பொருள் விளைந்த நாட்டைச் சொல்லாது, பதிந்த நாட்டைத்தான் சொல்லும். ராகலையில் பறித்த கொழுந்தானாலும், பிரித்தானியா பதிந்தால் 99தான்.

கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோலில் 'அரைப்பேர்' விழும் என்பதை அறிந்தவர்கள் நாம். பதிவேடு யார் கையில் என்பது சின்ன விஷயமல்ல. நம் பிள்ளைகள் பதிவேட்டை வாசிக்கவும் வேண்டும், எழுதும் இடத்துக்குப் போகவும் வேண்டும்.