மதுரை பேரில் ஒரு கால் நோய்

மல்லிக்கும் சுங்குடிச் சேலைக்கும் மதுரைப் பேர் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். ஒரு கால் நோய்க்கும் மதுரைப் பேர் உண்டு என்பது மதுரைக்காரங்களிலேயே பல பேருக்குத் தெரியாது. உலகம் முழுக்க டாக்டர் படிப்புப் புத்தகங்களில் 'மதுரா ஃபுட்' என்று இருக்கு. மதுரா என்றதும் வடக்கே கிருஷ்ணன் பிறந்த ஊரை நினைச்சுக்காதீங்க. நம்ம மதுரையைத்தான் வெள்ளைக்காரன் அப்படி எழுதினான்.

குழப்பம் வரக்கூடாதுன்னு மற்ற கால் தொந்தரவுகளை முதலில் சொல்லிடுறேன். நடவு நேரத்தில் விரல் இடுக்கு வெள்ளையா ஊறி, அரிச்சு, புண்ணானா அது சேற்றுப்புண். தண்ணியிலேயே நின்று தோல் ஊறினதும் பூஞ்சை பிடிச்சுக்கும். குதிகால் பிளந்தா பித்தவெடிப்பு. பேரில்தான் பித்தம், காரணம் பெரும்பாலும் தோல் வறண்டு போறதும் வெறுங்கால் நடையும்தான். உள்ளங்காலில் ஒரே இடம் அழுந்தி அழுந்தித் தோல் காய்ச்சுப்போனா கால் ஆணி. கால் மொத்தமும் வீங்கித் தடிச்சா யானைக்கால், அது கொசு பரப்புற புழுவால் வர்றது.

மதுரைக் கால் இதில் எதோடும் சேராது. முதலில் பாதத்தில் சின்னதா ஒரு கட்டி. வலி இருக்காது. வலிக்காததால் யாரும் கண்டுக்கிறதில்லை. வேலை பாட்டுக்கு நடக்கும். மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் பாதம் மெல்ல வீங்கும். அப்புறம் ஆங்காங்கே ஓட்டை விழுந்து நீர் வடியும். அந்த நீரில் குருணை மாதிரி சின்னச் சின்ன மணி வரும், கறுப்பாவோ வெள்ளையாவோ மஞ்சளாவோ சிவப்பாவோ. இந்த மணிதான் நோயின் அடையாளம். உள்ளே எலும்பு வரைக்கும் அரிச்சுட்டுப் போயிருக்கும். வடமொழி வைத்தியத்தில் பாதவல்மீகம் என்று ஒரு பேர் உண்டு. வல்மீகம் என்றால் புற்று. பாதத்தில் புற்று எழும்பின மாதிரி என்று அர்த்தம். அந்தக் காலைப் பார்த்தவங்களுக்கு அந்தப் பேர் புரியும்.

1842-ல் கில் என்கிற டாக்டர் மதுரை மருத்துவமனையில் பார்த்த இப்படிப்பட்ட கால்களைப் பற்றி எழுதி வைத்தார். 1846-ல் கோல்புரூக் என்பவர் எழுதினதிலிருந்து 'மதுரைக் கால்' என்ற பேர் நின்றது. பிறகு 1860-ல் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், இது பூஞ்சையால் வருது என்று சொல்லி 'மைசிட்டோமா' என்று பேர் வைத்தார். டாக்டர் படிப்புக்குப் பேர்போன 'கிரேஸ் அனாடமி' புத்தகத்துக்கு 1858-ல் படம் வரைந்து கொடுத்ததும் இதே கார்ட்டர்தான். அவர் சொன்னது பாதி சரி. சிலருக்குப் பூஞ்சையால் வருது, சிலருக்கு மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாவால் வருது என்பது அப்புறம்தான் தெளிவாச்சு. அந்தப் பூஞ்சைக்கு மதுரெல்லா, பாக்டீரியாவுக்கு ஆக்டினோமதுரா என்று பேர். ரெண்டிலும் நம்ம ஊர் ஒட்டிக்கிட்டு இருக்கு.

கிருமி மண்ணில் இருக்கு. உள்ளே போக ஒரு வாசல் வேணும். அந்த வாசல் முள். சேத்து வயலைவிட மானாவாரிக் காட்டுக்குத்தான் இந்த நோய் அதிகம் பொருந்தும்: கொஞ்சம் மழை, நீண்ட கோடை, எங்கே பார்த்தாலும் முள். இன்னைக்கு எல்லாப் பழியையும் சீமைக்கருவேலத்து மேல போடுறோம். ஆனா கில் எழுதின காலத்தில் அது இந்தியாவுக்கே வரவில்லை. அப்போ குத்தினது நாட்டுக் கருவேலமும் உடையும் இலந்தையும்தான்.

முள்ளை மட்டும் சொல்லி நிறுத்திக்க முடியாது. யார் கால் வெறுங்காலா இருந்தது என்று கேட்கணும். செருப்பு வாங்கக் காசில்லாதது ஒரு பக்கம். காசு இருந்தாலும் போட விடாதது இன்னொரு பக்கம். காலனிக்காரங்க ஊர்த் தெருவுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கிட்டு நடக்கணும் என்கிற கொடுமை என் சின்ன வயசில் கண்ணால் பார்த்தது. தோல் பதப்படுத்தி, வார் அறுத்து, ஊருக்கெல்லாம் செருப்பு தைச்சுக் கொடுத்தவருக்கே காலில் போட உரிமை இல்லை. காட்டு வேலையில் முன்னால் நின்னதும் அவங்கதான், முள் ஏறினதும் அவங்க காலில்தான். மருத்துவப் புத்தகம் 'வெறுங்காலுடன் நடக்கும் உழவுத் தொழிலாளிகள்' என்று ஒரு வரியில் முடிச்சுடும். ஏன் வெறுங்கால் என்று அது கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் முற்றினால் காலை வெட்டுறதுதான் வழி. இப்போ பாக்டீரியாவாக இருந்தால் மாசக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக் குணமாக்கலாம். பூஞ்சை என்றால் கஷ்டம். ஒரு வருஷத்துக்கு மேலும் மருந்து, கூடவே அறுவை சிகிச்சையும் தேவைப்படும். அதனால் எந்த வகை என்று சோதிச்சுப் பார்க்காம மருந்து கொடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இதைக் கவனிக்கப்படாத நோய்கள் பட்டியலில் சேர்த்தது. இதுக்கென்றே ஒரு ஆராய்ச்சி மையம் 1991-ல் சூடானில், கார்ட்டூம் நகரத்தில் தொடங்கினாங்க.

நோய் இன்னும் நம்ம பக்கமிருந்து போயிடலை. ஊருக்கு வரும்போது அப்பா அம்மா பாதத்தை ஒருதரம் பாருங்க. வலியில்லாத கட்டி ஒன்று மாசக்கணக்கா இருந்தா ஊசி வச்சு நோண்ட விடாதீங்க, பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டுங்க. என்ன வேலை, வெறுங்காலில் நடப்பாங்களா, முள் குத்திச்சா என்பதை நீங்களே சொல்லிடுங்க. முள் குத்தினதை எங்க ஆளுங்க ஒரு விஷயமா நினைச்சுச் சொல்லவே மாட்டாங்க.