உலக ஆசிரியர் இயக்கமும் நம் ஊர்ச் சங்கமும்

1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்து, பதவியை விட்டபின் வடலூரில் கல்விப்பணியில் ஈடுபட்ட ஓ.பி. இராமசாமி ரெட்டியார் பிறந்த மண் ஓமந்தூர். இம்மண்ணில் பணியாற்றும் நாம், நமது சங்கத்தின் வேர் உலகில் எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசிரியர் இயக்கம் பல பாதைகளில் நடந்தது. ஊதியமும் வேலைப் பாதுகாப்பும் கேட்ட தொழிற்சங்கங்கள் 1951இல் ஓர் அகில உலகச் சம்மேளனம் கண்டன. கற்பித்தலின் தரத்தையும் மதிப்பையும் முன்வைத்த அமைப்புகள் 1952இல் வேறோர் உலகக் கூட்டமைப்பாகத் திரண்டன. நாற்பதாண்டு கழித்து, 1993 ஜனவரியில், ஸ்டாக்ஹோமில் இரண்டும் இணைந்து 'எஜுகேஷன் இன்டர்நேஷனல்' பிறந்தது. அமெரிக்க ஆசிரியை மேரி ஃபுட்ரெல் முதல் தலைவரானார். பிரஸ்ஸல்ஸில் தலைமையகம் கொண்ட இவ்வமைப்பில் இன்று 3 கோடிக்கும் மேற்பட்ட கல்விப் பணியாளர்கள் உள்ளனர். 1954இல் தோன்றிய அகில இந்தியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் கூட்டமைப்பும் இதில் உறுப்பு.

இவ்விரு மரபுகளும் சேர வேண்டியவை என்பதை 1966லேயே ஓர் ஆவணம் சொல்லிவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று பாரிஸில் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கூட்டிய மாநாடு, ஆசிரியர் நிலை குறித்த 146 பத்திகள் கொண்ட பரிந்துரையை ஏற்றது. அதன் 6ஆம் பத்தி, கற்பித்தல் தனித்திறனும் பொறுப்பும் வேண்டும் தொழில் என்கிறது. 84ஆம் பத்தியோ, பேச்சுவார்த்தை வழிகள் தீர்ந்தபின், மற்ற அமைப்புகள் தம் நியாயமான நலன் காக்கக் கையாளும் வழிகள் ஆசிரியர் அமைப்புகளுக்கும் உண்டு என்கிறது. அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாளானதும் இதனால்தான்.

நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. தமிழ்நாட்டில் 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர், ஆசிரியர் என லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே உத்தரவில் வேலை இழந்தனர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையில்லை என்று உச்சநீதிமன்றம் ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தே மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தனர். சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேர உரிமை பற்றிய 87, 98ஆம் பன்னாட்டு உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

இன்று காலை வழிபாடு முடிந்ததும் வருகைப் பதிவைக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்ற, சிக்னல் தேடிப் பள்ளி வாசலுக்கு வருகிறார் ஆசிரியை; உள்ளே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலகையைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். கற்பித்தல் அல்லாத வேலைகளுக்குத் துணைப் பணியாளர் வேண்டும் என்பதும் 1966இன் பரிந்துரையே. 1.4.2003க்குப் பின் பணியேற்றோரின் ஓய்வூதியக் கோரிக்கைக்கும் அதன் சமூகப் பாதுகாப்புப் பகுதி வலுச் சேர்க்கிறது.

பரிந்துரைக்குச் சட்ட வலிமை இல்லை. அதற்கு உயிர் கொடுப்பது அமைப்பின் வலிமையே. 2030க்குள் உலகுக்கு மேலும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டுள்ள காலம் இது. 1966 பரிந்துரையின் பத்திகளைக் கிளைக் கூட்டங்களில் தமிழில் படித்து விவாதிப்போம். புதிதாகப் பணியேற்கும் தம்பி தங்கைகளிடம் சந்தா ரசீதோடு அதன் படியையும் கொடுப்போம். தம் உரிமையை அறிந்த ஆசிரியரே பிள்ளைகளின் உரிமைக்கும் துணிந்து பேசுவார்.