வைரம்

வைரம் நவமணிகளுள் ஒன்று. தூய கரிமத்தின் படிகம். நிலத்துக்கு 150 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் அழுத்தத்தில் விளைந்து, எரிமலைக் குழம்போடு மேலே வந்தது. மோவின் கடினத்தன்மை அளவில் 10 பெறும் கனிமம் இது ஒன்றே. ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. கீறல் விழாத வைரமும் ஓரத்தில் அடி பட்டால் தெறித்துவிடும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் சுரங்கங்கள் கிடைக்கும்வரை உலகுக்கு வைரம் தந்த நாடு பெரும்பாலும் இந்தியாவே. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தை 17ஆம் நூற்றாண்டில் நேரில் கண்ட பிரெஞ்சு வணிகர் தவெர்னியே அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆந்திரத்து வஜ்ரகரூர்ப் பக்கம் இன்றும் மழை பெய்து ஓய்ந்ததும் மக்கள் குனிந்தபடி காடுமேடெல்லாம் கல் தேடுகிறார்கள்.

வைரத்தைச் சோதிக்கும் கலையும் இங்கேதான் வளர்ந்தது. அர்த்தசாஸ்திரம் நல்ல வைரத்தின் இலக்கணத்தைச் சொல்கிறது. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் வைரப் பரிசோதனைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடைத் தெருவில் நடக்கும்போது, இளங்கோ வைரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லியே அடுக்குகிறார்: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு என்று இவற்றைக் கொள்ளலாம். இன்று பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வல்லுநர் தேடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான். பழைய நூல்கள் நிறத்துக்கேற்ப வைரத்தை நான்கு வருணமாகவும் பிரித்தன. அந்தப் பகுப்பில் சோதனை இல்லை, சமூகப் படிநிலைதான் இருக்கிறது.

பழங்கால இந்தியர் போற்றியது எட்டு முகங்கள் கொண்ட இயற்கைப் படிகத்தை. எடை குறையக் கூடாது என்பது அவர்கள் கவலை. ஐரோப்பியர் ஒளிக்காகக் கல்லை வெட்டத் துணிந்தார்கள். 191 கேரட் இருந்த கோகினூர் 1852இல் லண்டனில் மறுபடி பட்டை தீட்டப்பட்டு 105.6 கேரட்டாகச் சுருங்கியது. கல்லின் அழகு எடையில் இல்லை, பட்டையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1919இல் டோல்கோவ்ஸ்கி என்பவர் வட்டப் பட்டைக்குரிய கோணங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார்.

1867இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தபின் வரத்து பெருகியது. அங்குள்ள ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் நீலம் தோய்ந்த வெண்கற்களால் வந்த பெயரே நம் நகைக்கடைகளில் வழங்கும் ‘ப்ளூ ஜாகர்’. சுரங்கம் 1971இல் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் ஏழுகல் தோட்டிலும் மூக்குத்தியிலும் நிற்கிறது. ஆகவே அந்தச் சொல்லை நம்பி விலை கொடுக்கலாகாது.

நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் என்ற வழக்கம் மேலைநாட்டிலிருந்து வந்தது. வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்ற புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக 1947இல் எழுதியவர் ஃபிரான்சஸ் கெரட்டி. அதன்பின் அந்த வழக்கம் வேகமாகப் பரவியது.

வாங்குவோர் பார்ப்பவை நான்கு: பட்டை, நிறம், தெளிவு, எடை. முதலிடம் பட்டைக்கே. ஒரு கேரட் என்பது 0.2 கிராம், அதாவது 100 சென்ட். முழுக் கேரட்டைத் தொட்டதும் விலை தாவும். ஆனால் 90 சென்ட் கல்லுக்கும் அதற்கும் குறுக்களவில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. விரலில் அது தெரியாது. நிறத்துக்கு டி முதல் இஸட் வரை தரம் உண்டு. பின்புறம் மூடிக் கட்டிய கல்லில் மஞ்சள் சாயல் மறைந்துவிடும். கட்டுவதற்கு முன்பே, வெள்ளைத் தாளின்மேல் கல்லைக் கவிழ்த்துவைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஜி.ஐ.ஏ. போன்ற ஆய்வகத்தின் சான்றிதழ் எண், கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதை லென்ஸ் வைத்துச் சரிபார்க்கக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

‘அமெரிக்கன் டைமண்ட்’ என்பது வைரமன்று, ஜிர்கோனியா. ஆய்வகத்தில் வளர்க்கும் கல் வைரமே. 1950களிலிருந்து செய்யப்படுகிறது, வெறுங்கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, இப்போது விலை மிகவும் குறைந்திருக்கிறது.