பூ சொன்ன பூச்சி

அறிவியல் விளக்கம் அழகைக் குலைத்துவிடும் என்பது இலக்கிய அன்பர்களிடையே நெடுநாளாக நிலவிவரும் ஓர் அச்சம். அந்த அச்சம் எவ்வளவு பொருளுடையது என்று எண்ணிப் பார்க்க ஒரு பூவின் வரலாறு நமக்கு உதவும்.

1862 ஜனவரியில் ஜேம்ஸ் பேட்மன் என்பவர் சார்லஸ் டார்வினுக்குச் சில ஆர்க்கிட் மலர்களை அனுப்பிவைத்தார். அவற்றுள் ஒன்று மடகாஸ்கர் தீவினது. விண்மீன் வடிவிலான வெண்மலர். அதன் பின்புறத்தில் 11½ அங்குல நீளக் குழல் ஒன்று சாட்டைபோல் தொங்கியது. குழலின் அடியில் 1½ அங்குல அளவுக்கே தேன். இத்தனை ஆழத்தில் ஒளித்துவைத்த தேன் யாருக்காக?

மடகாஸ்கரில் 10 முதல் 11 அங்குலம் வரை நீளும் உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சி இருந்தாக வேண்டும் என்று அதே ஆண்டு வெளியான தம் நூலில் டார்வின் எழுதினார். அப்படியொரு பூச்சியை அன்று எவரும் கண்டதில்லை. பூச்சியியலார் சிலர் நகைத்தனர்.

டார்வின் தந்த விளக்கம் எளியது. கடைசித் துளியையும் பருகப் பூச்சி தன் தலையைப் பூவில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மகரந்தத் திரள் அதன்மேல் ஒட்டும். குழல் குட்டையாக இருந்தால் பூச்சி அழுத்தாமலே பருகிப் போய்விடும், பூவுக்கு வித்தில்லை. ஆகவே நீண்ட குழலுடைய பூக்கள் பெருகின. நீண்ட உறிஞ்சுகுழலுடைய பூச்சிகளுக்கே தேன் மிகுதியாகக் கிட்டியதால் அவையும் பெருகின. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இரண்டும் தலைமுறை தலைமுறையாக நீண்டன.

அரசியலறிஞரும் இயற்கை ஆய்வில் நாட்டமுடையவருமான ஆர்கைல் கோமகன் 1867இல் இதனை மறுத்து எழுதினார். இத்தகைய நுண்ணிய அமைப்பு, படைத்தவனின் நோக்கத்தையே காட்டுகிறது என்பது அவர் கட்சி. அவ்வாண்டே ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் விடை எழுதினார். 1846இல் நெப்டியூன் கோளைத் தேடிய வானியலாரின் நம்பிக்கையோடு அப்பூச்சியைத் தேடலாம் என்றார் அவர்.

1903இல் ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் அந்த மடகாஸ்கர் பூச்சியை விவரித்து, 'பிரெடிக்டா' என்று பெயரிட்டனர். 'முன்னுரைக்கப்பட்டது' என்பது பொருள். டார்வின் 1882இலும் ஆர்கைல் 1900இலும் மறைந்துவிட்டனர். எண்பது வயது வாலஸ் மட்டும் இருந்தார். 2021இல் அப்பூச்சி தனி இனமாகவே ஏற்கப்பட்டது.

பூச்சி கிடைத்தது ஆர்கைலின் கடவுளைப் பொய்யாக்கவில்லை. படைத்தவனே பூச்சியையும் படைத்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால், 'அவன் திருவுள்ளம்' என்னும் விடை 11 அங்குலக் குழலுக்கும் பொருந்தும், 2 அங்குலக் குழலுக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்தும் விடை எதையும் தேடச் சொல்வதில்லை. டார்வினின் விடையோ ஒரு பூவின் வடிவிலிருந்து, கண்ணால் காணாத ஓர் உயிரின் வடிவை அளந்து சொன்னது. பிழைபடக்கூடிய விடை அது; அதனால்தான் மெய்ப்பட்டபோது வியப்பளித்தது.

இதில் நாம் இழப்பது ஒன்றுண்டு. அந்த வெண்மையும் இரவில் கமழும் மணமும் நமக்காக அமைந்தவை அல்ல என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். அதனால் அழகு குறைந்துவிட்டதா? யாப்பிலக்கணம் கற்றவருக்கு வெண்பாவின் ஓசை குன்றுவதில்லை. சீரும் தளையும் தெரிந்தபின் செவி இன்னும் கூர்மையாகவே கேட்கிறது. விளக்கத்தை அறிந்தபின் இந்தப் பூவைப் பார்ப்பவர், பூவை மட்டும் பார்ப்பதில்லை. இருளில் அதைத் தேடிவரும் பூச்சியையும், இரண்டும் சேர்ந்து கடந்துவந்த நெடுங்காலத்தையும் உடன் காண்கிறார்.