லட்சுமிக்கு ஆயா உடுத்திய சேலை



போன மாதம் நம் குடியிருப்பில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். ஹாலில் பட்டுத்துணி, பழைய காகிதம், ஜரிகை எல்லாம் ஒட்டிச் செய்த பெரிய படம் மாட்டியிருந்தது. "இது கொலாஜ், அங்கிள்" என்றார் அந்த வீட்டுப் பெண். விலையையும் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. அதே மாதிரி ஒன்றை எடைக்குப் போட்டவன் நான்.

திண்டிவனத்தில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் ரவிவர்மாவின் லட்சுமி இருந்தது. தாமரையில் நிற்கும் நான்கு கை லட்சுமி, பக்கத்தில் மாலை ஏந்திய யானை. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். எங்கள் படத்தில் மட்டும் லட்சுமிக்கு நிஜச் சேலை. ஆயா தன் கூறைப்புடவை கிழிந்தபோது அதிலிருந்து துண்டு வெட்டி, மடிப்பு மடிப்பாக ஒட்டியிருந்தார். நகைகளுக்குச் சமிக்கியும் கண்ணாடி மணியும். முகம், கை, பாதம் மட்டும் அச்சில் வந்தபடியே.

2004ல் வீட்டை விற்று விழுப்புரம் ஃப்ளாட்டுக்கு வந்தபோது, "பூச்சி அரித்த படம் புது வீட்டுக்கு எதற்கு" என்று நானேதான் சொன்னேன். சட்டமும் கண்ணாடியும் சேர்த்து 40 ரூபாய். முப்பது வருஷம் வங்கியில் நகைக்கடன் சீட்டு எழுதியவனுக்கு அன்று மதிப்புப் போடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடித்தேடிப் படித்தேன். கொலாஜ் என்பது ஒட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1912ல் பிக்காசோ, பிரம்பு நாற்காலி போல அச்சிட்ட மெழுகுத்துணியைத் தன் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். கலைப் புத்தகங்கள் அங்கிருந்துதான் கதையைத் தொடங்கும். ஆனால் இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற அம்மையார் 1772லேயே வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கிவிட்டார். தொடங்கும்போது வயது எழுபதைத் தாண்டியாயிற்று! செய்தவை 900க்கு மேல்; இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. (ஓய்வு பெற்றபின் டிவியே கதி என்றிருக்கும் நம்மவர்கள் கவனிக்க.)

நம் பக்கம் வருவோம். ரவிவர்மா 1894ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் வரைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். அரண்மனையில் தொங்கிய ஓவியம் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தது அப்படித்தான். அச்சகம் ஊரெல்லாம் பேர் வாங்கியது, ஆனால் கணக்கில் நஷ்டம். கடைசியில் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு அதை விற்றுவிட்டார். 1972ல் அந்த அச்சகமே தீக்கிரையானது.

அச்சில் வந்த படம் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். அதைத் தன் வீட்டுப் படமாக்கிக் கொண்டவர்கள் பெண்கள். துணி, ஜரிகை, சமிக்கி, மணி ஒட்டி சாமிக்கு உடுத்திவிட்டார்கள். கோயிலில் மூலவருக்குச் செய்யும் அலங்காரம் கூடத்துக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகைமேல் துணி ஒட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டும் தஞ்சாவூர்ப் படத்தைப் பார்த்துப் பழகிய கை வேறு. செட்டிநாட்டு வீடுகளில் இத்தகைய படங்கள் நிறைய இருந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் இன்றும் கண்ணில் படலாம். ஒட்டியவர் பெயர் எதிலும் இருக்காது.

பிறகு சிவகாசிக் காலண்டர் வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த தெய்வங்களுக்கு நகையும் பட்டும் அச்சிலேயே பளபளத்தன. அவர் இளமையில் நமக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர். வருஷம் மாறினால் படமும் மாறும் என்றான பிறகு, உட்கார்ந்து ஒட்ட யாருக்குத் தோன்றும்? இது என் ஊகம்தான்.

உங்கள் ஊர் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்காதீர்கள். ஈரத்துணி பட்டால் பழைய பசை இளகி, துணி கையோடு வந்துவிடும். பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தில் மாட்டாதீர்கள். நம் கட்டடத்தில் அந்தச் சுவர்களின் ஓதம் உங்களுக்கே தெரியும். சட்டத்தின் பின்புறம் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றுப் போக வழியிருக்கும். மாவுப் பசையைத் தின்ன வெள்ளிப்பூச்சி வரும். புத்தகம் பைண்டு செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து பேரன் வந்து ஆசையாகக் கேட்டாலும் யோசித்துக் கொடுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு வயது கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

எங்கள் லட்சுமியைத் தேடிப் புதுச்சேரிக் கடைகளில் ஏறி இறங்கினேன். மூன்று லட்சுமிகளைப் பார்த்தேன். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன, சேலை வேறு. ஆயாவுடையது அரக்கு நிறம், ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசலைக் கறுப்பு நூலால் தைத்திருப்பார். திண்டிவனம் பக்கத்தில் யார் வீட்டிலாவது பார்த்தால் சொல்லுங்கள். வாங்க அல்ல, ஒருமுறை பார்த்துவிட்டு வர.